கேட்டு வாங்கினால் தழைக்காத செடி

செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் விவசாய அலுவலராக இருக்கும் தம்பி ஒருவர் சென்ற தை மாதம் எனக்கு எழுதிய அஞ்சல் அட்டையில் இப்படி இருந்தது: "வீட்டுத் தோட்டங்களில் வேண்டாத அயல்செடிகளை நடவேண்டாம் என்று துண்டுப் பிரசுரம் போடுகிறோம். வெங்காயத் தாமரையின் வண்ணப் படம் முன்பக்கத்தில் வரும். உங்கள் காலத்தில் இதை எப்படிச் செய்தீர்கள் என்று நாலு வரி எழுதினால் உதவியாக இருக்கும்." படத்தின் பிரதி ஒன்றைத் தனியாக அனுப்பியிருந்தார். பூ மிக அழகாக அச்சாகியிருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள்.

நாலு வரியில் அடங்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆகவே விரிவாக எழுதுகிறேன். மாதங்களையும் வருஷங்களையும் என் பழைய நாட்குறிப்புகளோடு ஒத்துப் பார்த்திருக்கிறேன். ஒத்துப் பார்க்க முடியாததை முடியவில்லை என்றே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடலூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் எரு மக்கவைக்கவும், விதை பொறுக்கவும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் கம்பளிப்புழுவுக்கு விளக்குப் பொறி வைக்கவும் கற்றுக்கொண்டேன். 1943, சுபானு வருஷம் ஆனி மாதம், செஞ்சியில் விவசாய இலாகா மேஸ்திரியாகச் சேர்ந்தேன். கட்டட மேஸ்திரி அல்ல. டிமான்ஸ்ட்ரேட்டர் என்று ஓர் அதிகாரி இருப்பார். அவர் சொல்வதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லுகிறவனுக்கு மேஸ்திரி என்று பெயர்.

எங்கள் டிமான்ஸ்ட்ரேட்டர் தணிகாசலம் ஒல்லியான மனிதர். தொப்பி, குடை, கைக்குட்டை மூன்றும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வேலிப் படலுக்கு வெளியே நின்று குடையை மடக்குவார். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொள்வார். பிறகு இருமுவார். அந்த இருமல் நோயல்ல, ஒழுக்கம். உள்ளே பெண்கள் இருப்பார்கள், சொல்லாமல் நுழையக்கூடாது என்பார். யாராவது வெளியே வந்து "இன்னாங்க" என்று கேட்கும்வரை ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். வைக்கோல்போர் பற்றி எரிந்த வீட்டுக்கு வெளியேயும் அவர் இருமிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

யுத்த காலம் அது. தானிய விளைச்சலைப் பெருக்கு என்று மேலிடத்திலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டேயிருந்தன. ஆடியில் வந்த உத்தரவு வேறு மாதிரியானது. வெங்காயத் தாமரை என்ற நீர்க்களை ஏரிகளை மூடி மதகுகளை அடைத்துவிடுகிறது. பூவுக்கு ஆசைப்பட்டு வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்களால்தான் அது பரவுகிறது. ஆகவே வீட்டுத் தோட்டக்காரர்களை நேரில் கண்டு, நயமாகச் சொல்லி, நடாமல் தடுக்கவேண்டும். அபராதமோ வழக்கோ கூடாது. நயம் மட்டும்.

செஞ்சியில் அப்போது ஒரு வெங்காயத் தாமரைகூட இல்லை. கோட்டைக்குள் இருக்கும் குளங்கள், அகழி, தெருக் கிணறுகள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு இதைத் தணிகாசலத்திடம் சொன்னேன்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப ஜனங்களுக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது."

"தெரியாதுங்க."

"தெரியாத செடியை நடாதீங்கன்னு எப்படிச் சொல்றது, மேஸ்திரி?"

மறுநாள் ஒரு வாளியோடு என்னை விழுப்புரத்துக்கு அனுப்பினார்.

அங்கே ரயில் பாதையை ஒட்டிய குட்டையில் அது தண்ணீர் தெரியாமல் மண்டிக் கிடந்தது. அனுமதி கேட்பதற்கு ஆள் இல்லை. நல்ல செடியாக ஒன்றை எடுத்து வாளியில் விட்டுக்கொண்டேன். திரும்பி வரும் பஸ் பெட்ரோல் பஞ்சத்தால் கரி வாயுவில் ஓடுவது; ஏற்றத்தில் இறங்கித் தள்ளவேண்டும். கண்டக்டர் ஜம்பு என் மடியில் இருந்த வாளியை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, சாமிக்கா?"

"இல்லப்பா. இத யாரும் வளக்கக் கூடாதுன்னு காட்டறதுக்கு."

"அப்ப நீங்க ஏன் மடியில வெச்சிக்கினு வரீங்க?"

பின் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள், வெயிலில் அது வாடுகிறதே என்று தன் சொம்புத் தண்ணீரை அதன்மேல் தெளித்தார்.

செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை தெரிகிற தெருவில் எங்கள் ஆபீஸ் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. வாசலில் சிமிட்டித் தொட்டி வைத்துச் செடியை விட்டோம். காட்டும் முறையைத் தணிகாசலமே வகுத்தார். மாதிரி எப்போதும் பூத்திருக்கவேண்டும். வாடிய செடியைக் காட்டிப் பயமுறுத்தினால் இலாகாவின் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். முதலில் பூவைக் காட்டவேண்டும்: ஊதா நிறம், மேலிதழில் மயில்கண் போல மஞ்சள் புள்ளி. அடுத்து, வெங்காயம் போல உப்பி மிதக்கவைக்கும் இலைக்காம்பு. அடுத்து, பக்கத்தில் ஓடிக் குட்டிச் செடி விடுகிற தண்டு. கடைசியில்தான் ஏரிக்கு வரும் கேடு. நான் பேச்சில் ஏரிக்கு வரும்போது பெரும்பாலும் எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். பூவைப் பார்த்ததும் போய்விடுவார்கள்.

யார் கேட்டாலும் ஒரு குட்டியும் கொடுக்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அங்கேதான் வினை வந்தது.

எங்கள் பக்கத்தில் செடி வளர்க்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு, கையால் வாங்கி நட்ட செடி தழைக்காது. கேட்காமல் எடுத்து வந்து நட்டால்தான் பிடிக்கும். நல்ல உறவில் இருக்கும் இரண்டு வீட்டுக்காரிகளுக்குள்கூட, ஒருத்தி கிளை ஒடிக்கும்போது மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழியைக் கூப்பிடுவாள். நாங்களோ, கொடுக்கவே மாட்டோம் என்று சொல்லிக்கொண்டு, ஒரு பூச்செடியைத் தெருவில் வைத்திருந்தோம்.

காலையில் வந்து பார்த்தால் தொட்டியில் குட்டிகள் குறைந்திருக்கும். இரண்டு நாளில் தொட்டி மறுபடி நிறைந்துவிடும். "பொதுமக்களிடையே ஆர்வம் மிகுதி" என்று தணிகாசலம் மேலிடத்துக்கு எழுதினார். பியூன் கோவிந்தன் தொட்டியைப் பார்த்துத் தலையாட்டினான்.

"நீங்க கொண்டாந்ததே கேக்காம எடுத்ததுதான மேஸ்திரி. அதான் இப்பிடித் தழையுது."

ஆவணி அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கோயில் திருவிழாவில் பந்தல் போட்டு, தொட்டியை மாட்டுவண்டியில் கொண்டுபோய் வைத்தோம். கூட்டத்தில் என் விளக்கம் ஏறக்குறைய யார் காதிலும் விழவில்லை. மதியத்துக்குள் தொட்டியின் விளிம்பில் மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன. செடிகளுக்கு நடுவே ஓர் எலுமிச்சம்பழம் மிதந்தது. ஒரு பெரியவர் செடியைப் பார்த்து, பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். தணிகாசலம் மிகுந்த பொறுமையோடு, "இலாகா அதைப் பத்தி இப்போ ஒண்ணும் சொல்றதுக்கில்லை" என்றார்.

எங்கள் பந்தலை ஒட்டி அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தவர் சவரியம்மா. செஞ்சிக்கும் வல்லத்துக்கும் இடையில் ஒரு சிற்றூர், கிறிஸ்தவக் குடும்பம், கணவர் இல்லை, மகன் ராயப்பன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போயிருந்தான். அன்று என் பேச்சைக் கடைசிவரை கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. போகும்போது அவருடைய கூடை வந்தபோது இருந்ததைவிடக் கனமாக இருந்ததைக் கோவிந்தன் கவனித்திருக்கிறான். எனக்கு அவன் சொன்னது பின்னால்தான்.

புரட்டாசியில் செஞ்சித் தெருக்களில் எங்கே பார்த்தாலும் "ஆபீஸ் பூ". அண்டாவில், உரலில், உடைந்த சாலில். நான் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் நடந்த பேச்சை எழுதினால் போதும்; எல்லா வீட்டிலும் அதுவே.

"இது கெட்ட செடிம்மா. ஏரிய மூடிடும்."

"எங்க வூட்ல ஏரி இல்லியே."

"மழைத் தண்ணியில அடிச்சிக்கினு போய் ஏரியில சேரும்மா."

"ஏன் மேஸ்திரி, கெட்ட செடின்னா சர்க்காரு தொட்டி கட்டி, தண்ணி ஊத்தி, பக்கத்துல ஆளும் நிக்க வெக்குமா? நீங்க நல்ல செடிய எங்களுக்குக் குடுக்க மனசு இல்லாம சொல்றீங்க."

ஐப்பசி மழைக்கு அதிக நாள் இல்லை. தெருத்தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வழியாக ஏரிகளுக்குத்தான் போகும். அந்த ஏரிகளை நம்பி நாற்றங்கால் விட்டிருந்தார்கள். உத்தரவுப்படி பிடுங்கவும் முடியாது, மிரட்டவும் முடியாது. தணிகாசலம் இரண்டு வேளை சாப்பிடவில்லை. கடைசியில் கோவிந்தன்தான் அந்த நம்பிக்கையைப் பற்றி அவரிடம் விளக்கினான். அவர் வெகுநேரம் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா, நாம கொடுத்துட்டா?"

"குடுத்துட்டா அவ்ளோதாங்க. எவளும் வெச்சிக்க மாட்டா."

மறுநாள் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டோம். வெங்காயத் தாமரை வேண்டியவர்கள் ஆபீசில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இலாகா மனமுவந்து வழங்கும். ஒருவரும் வரவில்லை. அதன்பின் தணிகாசலம் தொப்பியும் குடையுமாக வீடு வீடாகக் கிளம்பினார். படலுக்கு வெளியே இருமினார். வீட்டுக்காரி வந்ததும், "அம்மா, உங்க வீட்டில் உள்ள செடியை இலாகா உங்களுக்கு முழு மனசோட கொடுக்குது" என்று கைகூப்பினார்.

"வேணாங்கய்யா" என்று அலறாத குறையாகச் சொல்வார்கள். அவர் ஏற்கனவே கொடுத்திருப்பார்.

"போச்சு. குடுத்துட்டாரு. இனிமே இது எங்க உருப்படப் போவுது" என்று அவர்களே தூக்கி வெளியே போட்டார்கள். நானும் கோவிந்தனும் எங்கள் வாசல் தொட்டியில் இருந்ததையும் சேர்த்து ஈரச்சாக்கில் பொறுக்கினோம். ஒரு குட்டியும் வாய்க்காலில் விழாமல் பார்த்து, மலையடிவாரப் பாறையில் வேர் மேல்பக்கம் இருக்கும்படி பரப்பி, சருகாகும்வரை காயவிட்டுக் கொளுத்தினோம். பச்சையாக எருக்குழியில் போட்டால் மழையில் உயிர்த்துவிடும். இதை இன்றைய தம்பிகளும் நினைவில் வைக்கவேண்டும். செஞ்சியில் பாறைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை.

கடைசியாக மிஞ்சியது சவரியம்மா வீடு.

அவர் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கென்று வைத்த கல்தொட்டி. தொட்டிக்கு இரண்டு அடி தள்ளி வாய்க்கால். வாய்க்கால் நேராக ஊர் ஏரிக்கு. தொட்டி விளிம்புவரை செடி பொங்கி நின்றது. ஒரு நல்ல மழை போதும். முதலில் நான் தனியாகப் போனேன். சனிக்கிழமைதோறும் அதில் ஒரு பூவைப் பறித்து மாதா படத்துக்கு வைப்பதாகச் சொன்னார்.

"வேற பூ வைக்கலாமே சவரியம்மா."

"வெக்கலாம். ஆனா இத வெச்சி நேந்துக்கிட்டேன். பையன் கடுதாசி போட்டு எத்தினியோ மாசம் ஆவுது, மேஸ்திரி. அன்னிக்கு மலையனூர்ல நீங்க சொன்னீங்க, இது எங்க போட்டாலும் சாவாது, வெட்டிப் போட்டாலும் பொழச்சிக்கும்னு. அதக் கேட்டுத்தான் எடுத்தாந்தேன். இது தொட்டியில உசுரோட இருக்கிறவரைக்கும் என் புள்ள அங்க உசுரோட இருப்பான்."

நான் சொன்ன குற்றச்சாட்டையெல்லாம் அவர் குணமாக எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து தணிகாசலத்திடம் சொன்னேன். வழக்கம்போல் கொடுத்துவிடலாம் என்று என்னையும் அழைத்துக்கொண்டு அவரே கிளம்பினார். படலுக்கு வெளியே குடையை மடக்கி, இருமினார். சவரியம்மா ஓடிவந்தார். ஊரில் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஐயா, நீங்க இன்னா சொல்ல வந்தீங்களோ அத சொல்லாதீங்க. உங்க காலப் புடிச்சிக்கிறேன். குடுக்காதீங்க. குடுத்தா பட்டுடும்."

மழைமேகம் மேற்கே கட்டிக்கொண்டிருந்தது. தணிகாசலம் ஏரியைக் கைகாட்டினார். "அம்மா, அந்த ஏரியில உங்க நெலத்துக்கும் தண்ணி வருதில்ல?"

"வருதுங்க. எங்களுது அரைக் காணி. ஏரி போனா ஊரே போச்சு, தெரியும். அதுக்காக என் கையால புடுங்கச் சொல்றீங்களா?"

கடைசியில் வழி சொன்னவர் சவரியம்மாதான்.

"நான் குடுக்க முடியாது. நீங்களும் குடுக்கக் கூடாது. திருடிக்கினு போங்க. திருடினா அது தழைச்சிக்கினே இருக்கும். எங்க இருந்தா இன்னா, உசுரோட இருந்தா சரி."

"திருடறதா" என்றார் தணிகாசலம். "மேஸ்திரி, அதுக்கு இலாகாவில் விதி இல்லையே."

"நீங்கதான் திருடணுங்கய்யா. பெரியவங்க கையால போனாத்தான் எனக்கு மனசு ஆறும். எடுத்துக்கினு போய் பத்திரமா வெச்சிருக்கணும்."

"சரிம்மா. முறையாச் செய்வோம். இப்பவே எடுத்துக்கலாமா?"

சவரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "கேட்டா அது திருட்டு இல்லீங்களே."

நாங்கள் வெளியே போய்விட்டுத் திரும்ப வரவேண்டியதாயிற்று. சவரியம்மா வீட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார். தணிகாசலம் குடையை மடக்கினார். கையைத் துடைத்தார். நான் வேண்டாம் என்று சைகை காட்டுவதற்குள் படலுக்கு வெளியே நின்று இருமிவிட்டார்.

வீட்டு முன்பக்கத்திலிருந்து சவரியம்மாவின் குரல், யாருக்கோ சொல்வதுபோல: "இந்தப் பக்கத்து வூட்டு ஆட்டுக்கு இன்னா கேடோ, இருமிக்கினே இருக்குது."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் அழைக்காமல், ஒரு வீட்டுப் படலைத் திறந்து உள்ளே போனார். முன்பக்கத்தில் சவரியம்மா பலமாகக் கோழியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் கோழி கிடையாது. தணிகாசலம் ஒரு செடியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஓட்டம் என்றுதான் சொல்லவேண்டும். தொட்டியில் மிச்சம் இருந்ததை நான் சாக்கில் அள்ளினேன். திரும்பும் வழியில் சட்டையெல்லாம் நனைந்து நடந்துகொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பார்த்திருப்பாங்களா?"

அன்று இரவே மழை பிடித்தது. ஏரிக்கு ஒரு குட்டியும் போகவில்லை. கார்த்திகை வரை வாய்க்கால் நெடுக நடந்து பார்த்திருக்கிறேன்.

அதன்பின் யுத்தம் முடிந்தும் சில மாதம்வரை, வெங்காயத் தாமரையை ஒழிக்கவேண்டிய ஆபீசின் பின்னறையில் ஒரு வெங்காயத் தாமரை இருந்தது. மேலே கம்பிவலை, கதவில் பூட்டு, சன்னலில் வெயில். அது விடும் குட்டிகளைக் கிழமைதோறும் கணக்காக நறுக்கிப் பாறையில் காயவைத்தோம். சனிக்கிழமை காலையில் சன்னலையும் வலையையும் திறந்து வைத்துவிட்டு நாங்கள் மூவரும் வாசலுக்குப் போய்விடுவோம். சவரியம்மா சன்னல் வழியாகக் கைவிட்டுப் பூவைத் திருடிக்கொண்டு போவார். பூக்காத வாரங்களில் ஓர் இலை. ஒருமுறை மேலதிகாரி சோதனைக்கு வந்து, சன்னலுக்குள் நீண்ட கையைப் பார்த்துவிட்டு, "யார் அது?" என்றார்.

"பொதுமக்கள்" என்றார் தணிகாசலம்.

1945 பங்குனியில் கம்பளிப்புழு வேலையாக என்னை மேல்மலையனூர்ப் பக்கம் அனுப்பினார்கள். நான் கிளம்பும்போது ஆபீஸ் கிணறு வற்றியிருந்தது. செடி கறுத்து, காம்புகள் சுருங்கி, தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது. சவரியம்மாவுக்கு அப்போதும் கடிதம் வரவில்லை. நான் திரும்பியபோது சித்திரை பிறந்திருந்தது. தொட்டியில் செடி பச்சைப்பசேலென்று, பூவோடு நின்றது.

"கவனிப்பு, மேஸ்திரி" என்றார் தணிகாசலம். "முறையான கவனிப்பு."

ராயப்பனின் கடிதம் ஆனியில் வந்தது. அவன் 1946 தை மாதம் ஊர் திரும்பினான். மறு வாரமே தாயும் மகனும் ஆபீசுக்கு வந்தார்கள். சவரியம்மா முதல் தடவையாகச் சன்னல் பக்கம் போகாமல் வாசல் வழியாக வந்து, எல்லோரும் கேட்கும்படி, "ஐயா, அந்தச் செடிய எனக்குக் குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். சவரியம்மா அதை வாங்கிக்கொண்டு நேரே பாறைக்குப் போய், வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார். ராயப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா இது, இதயா வெச்சி நேந்துக்கின? அங்க ஆறு பூரா இதான். படகு போவறதுக்கு இத வாரி வாரிக் கரையில போடறதுதான் எங்களுக்கு வேலையே."

"வாய மூடுடா" என்றார் சவரியம்மா. "அதான் பொழச்சி வந்தியே."

தணிகாசலம் 1948இல் மாற்றலாகிப் போனார். சில வருஷங்களுக்கு முன் காலமானார் என்று கேள்விப்பட்டேன். ஜம்பு கண்டக்டர் வேலையை விட்டபிறகு ஒருநாள் என்னிடம் ஒரு சங்கதி சொன்னார். 1945 வெயில் காலத்தில், நான் மேல்மலையனூரில் இருந்தபோது, தணிகாசலம் தொப்பியில்லாமல் விழுப்புரத்திலிருந்து அவர் பஸ்ஸில் வந்தாராம். மடியில் துணி மூடிய வாளியாம். இன்னாங்க ஐயா அது என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லையாம். நான் முதலில் செடி எடுத்த அந்த ரயில்வே குட்டையை அப்போது மீன் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். கரையில் ஒரு காவல்காரர் குடிசை போட்டு இருந்தார் என்பது எனக்குத் தெரியும். பயணத்துக்கு ஜம்புவின் பேச்சு ஒன்றுதான் சாட்சி. காவல்காரரை நான் தேடிப் போனபோது குடிசையும் இல்லை, குட்டையும் இல்லை. ஆகவே தணிகாசலம் உண்மையில் அங்கே போனாரா என்பதும், போயிருந்தால் குடிசைக்கு வெளியே நின்று இருமினாரா என்பதும் இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.